வடக்குப் பக்கத்து கோல்

கையெறி குண்டு வீசிப் பழகக் கால்பந்து மைதானத்தின் பெனால்டி பெட்டியைவிடத் தோதான இடம் உலகத்திலேயே கிடையாது என்பது என் கணவரின் கட்சி. அது எனக்குத் தெரியவந்தது ஒரு புதன்கிழமை காலையில். கையில் விசில், இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பியோடு அவர் நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிப்பாய்கள் வரிசை கட்டி நின்று, ஒவ்வொருவராக ஓடிவந்து வடக்குப் பக்கத்து கோலைப் பார்த்து இரும்புக் குண்டுகளை வீசினார்கள். வெடிக்கிற குண்டுகள் இல்லை, பயிற்சிக்கென்று வார்த்தவைதான். ஆனால் இரும்பு இரும்புதானே. ஜூன் மாத மழையில் ஊறிக்கிடந்த புல்தரையில் ஒவ்வொன்றும் பொத்தென்று விழுந்து, தன் பங்குக்கு ஒரு குழியைப் பறித்துவிட்டு உருண்டது.

"சனிக்கிழமை மேட்ச் இருக்குங்க," என்றேன், கம்பி வேலிக்கு வெளியே நின்றபடி.

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி?"

"மேலிடத்து உத்தரவு. மண்டல விளையாட்டு விழாவுல குண்டெறிப் போட்டிக்கு ஆள் எடுக்கிறோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நடக்கும்." பிறகு என் கையைப் பார்த்தார். "தோழர் லூவா, வேலியில கை வைக்காதீங்க. விதிப்படி கூடாது."

தோழர் லூவா! அன்று விடியற்காலையில் எழுந்து நொய்யரிசிச் சோறும் பொரித்த முட்டையும் கட்டிக்கொடுத்த தோழர் நான்தான். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே கொசுவலைக்குள் படுத்து எழுந்த மனுஷன், சீருடையை மாட்டிக்கொண்டால் என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல் பேசுவார். முதல் சில வருஷம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பில் மேட்ச் ஏற்பாடுகளைப் பார்ப்பது என் வேலை. டிக்கெட், ஆம்புலன்ஸ், நடுவர்களுக்குச் சாப்பாடு, கோடு போடுகிற சுண்ணாம்பு, எல்லாம் என் தலையில்தான் விடியும். மைதானம் மட்டும் கிளப்புடையது இல்லை, ராணுவத்துடையது. நகராட்சிக்கென்று ஒரு ஸ்டேடியம் இருந்தது. அடுக்குமாடி கட்டப்போகிறோம் என்று அதில் பாதியை இடித்தார்கள். அடுக்குமாடியும் வரவில்லை, ஸ்டேடியமும் மிஞ்சவில்லை. அதனால் மூன்று சீசனாக ராணுவ மைதானத்தில் குடக்கூலிக்கு ஆடிக்கொண்டிருக்கிறோம். மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் கல்யாண மண்டபம், கிழக்கு மாடத்துக்கு அடியில் டயர் கடை, நடுவில் நாங்கள்.

அந்த மைதானத்தின் பொறுப்பதிகாரி மேஜர் வியென். என் கணவர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு காலத்தில் ராணுவத்துக்கே சொந்தமாக ஒரு அணி இருந்தது. இதே மைதானத்தில்தான் ஆடும். மழையோ வெயிலோ மாடம் நிரம்பி வழியும். அதன் கோல்கீப்பர் வியென். ஒருநாள் மேலிடம் கூடி, பட்டாளத்துக்குப் பந்து விளையாட்டு எதற்கு என்று முடிவு செய்தது. லீக்கில் அணிக்கு இருந்த இடத்தை ஒரு செங்கல் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். சீருடையைக் கழற்ற முடிந்தவர்கள் கம்பெனியோடு போனார்கள். மற்றவர்கள் பட்டாளத்திலேயே தங்கினார்கள். வியென் தங்கினார். அவருக்கு ஒரு பதவி உயர்வும் மைதானத்துச் சாவிக்கொத்தும் கிடைத்தன. நான் வேலை பார்க்கும் கிளப் அந்தச் செங்கல் கம்பெனி கிளப்தான்.

கம்பெனியோடு போனவர்களில் ஒருவர் தோவாய். வியெனுக்கு நேர் முன்னால் நின்று ஆடிய தடுப்பாட்டக்காரர். இப்போது எங்கள் அணியின் பயிற்சியாளர். அந்தப் பிரிவுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. "உன் புருஷன்கிட்ட சொல்லு, தண்ணிக் குழாய் ஒழுகுது" என்பார் அவர். "உங்க பயிற்சியாளர்கிட்ட சொல்லு, ஒழுகுறது அவன் வாய்தான்" என்பார் இவர். நடுவில் தபால்காரி நான்.

அந்தப் புதன்கிழமையும் தோவாய் வந்துசேர்ந்தார். பிளாஸ்டிக் பையில் ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே என் பக்கத்தில் நின்று வேலிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன லூவா, உன் புருஷன் எந்த நாட்டு மேல படையெடுக்கிறான்?"

"நம்ம பெனால்டி பெட்டி மேல."

இன்னொரு குண்டு விழுந்தது. மண் தெறித்து கோல் வலையில் ஒட்டியது. தோவாயின் வாயிலிருந்து உறிஞ்சுகுழல் நழுவியது.

"அடப்பாவி! சனிக்கிழமை தோத்தா கீழ் டிவிஷன். கீழ போனா முதலாளி கிளப்பையே மூடிடுவேன்னு சொல்லியிருக்கான். அதுவாவது இவனுக்குத் தெரியுமா?"

"தினமும் ராத்திரி சோத்தோட சேத்துச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

தோவாய் வேலியைப் பிடித்து உலுக்கிக் கத்தினார்: "டேய் வியென்! உங்க ஆளுங்களத் தெற்குப் பக்கமா எறியச் சொல்லுடா! அங்கதான் எதிரணிக்காரன் நிப்பான்!"

"பாதி ஆட்டத்துல பக்கம் மாறும் அண்ணே," என்றேன்.

"அப்போ பாதி ஆட்டத்துல வந்து இந்தப் பக்கம் எறியட்டும்!"

வரிசையில் நின்ற சிப்பாய்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். வியென் திரும்பிப் பார்க்கவில்லை. விசிலை ஊதினார். அடுத்தவன் ஓடிவந்து வீசினான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஆற்று மீனைப் போட்டுப் புளிச்சாறு வைத்திருந்தேன். அவருக்குப் பிடித்தது. கோபம் இருந்தாலும் மனுஷனை வயிற்று வழியாகப் பிடித்துப் பார்ப்போமே என்ற எண்ணம்தான். சீருடையைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். இரண்டு வாய் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"ஏங்க, வடக்குப் பக்கந்தான் எறியணுமா?"

"தெற்கே கொடிமரம் இருக்கு. கொடியப் பாத்துக் குண்டு எறியலாமா?"

"சரி, மைதானத்துக்குப் பின்னாடி லாரி ஓட்டப் பழகுற வெட்டவெளி சும்மாதானே கிடக்கு?"

"அங்க லாரி நிக்குது."

"லாரிக்குச் சக்கரம் இருக்குமே. நகர்த்தினா நகரும்ல?"

"லாரி போக்குவரத்துப் பிரிவோடது. என் கையில இருக்கிறது மைதானம். என் பிரிவுக்குள்ள இருக்கிற இடத்தைத்தான் நான் குறிக்க முடியும்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நீங்க குறிச்சீங்களா? மேலிடத்து உத்தரவுன்னீங்க?"

"தேர்வு நடத்தணுங்கிறது உத்தரவு. இடம் குறிக்கிறது பொறுப்பதிகாரி."

"உத்தரவுல இடத்தைப் பத்தி என்ன இருந்துச்சு?"

மீன் முள்ளை மெதுவாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "பொருத்தமான இடம்னு இருந்துச்சு."

"பொருத்தமான இடம்னா பெனால்டி பெட்டியா? கோடு போட்டு, உரம் போட்டு, கொழந்தைய வளக்கிற மாதிரி வளத்த புல்லா?"

"சோறு போடு லூவா."

"சட்டி அங்க இருக்கு, தோழர் மேஜர். விதிப்படி நீங்களே போட்டுக்கலாம்."

எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். உள்ளே சட்டி மூடி விழுகிற சத்தம் கேட்டது. அவருக்கு எந்தச் சட்டியின் மூடியும் ஒழுங்காக மூட வராது.

வியாழக்கிழமை சைகோனிலிருந்து லீக் கண்காணிப்பாளர் வந்தார். பாங் என்று பெயர். ஒல்லியான மனிதர், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. அவரிடம் அனுமதி அட்டை இருந்ததால் அவரை உள்ளே விட்டார்கள். அவரோடு ஒட்டிக்கொண்டு நானும் போனேன். அந்த வேளைக்குச் சிப்பாய்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வடக்கு கோலுக்கு முன்னால் நின்று பாங் குடையின் நுனியை ஒரு குழியில் விட்டார். ஒரு சாண் இறங்கியது. இன்னொரு குழியில் விட்டார். அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது.

"அம்மா, இது மைதானமா, மரவள்ளிக்கிழங்கு பிடுங்கின தோட்டமா?"

"நிரவிடலாம் ஐயா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

"நாளைக்கும் எறிவாங்களாமே?"

நான் ஒரு குழியைக் காலால் மூடப் பார்த்தேன்.

"ஒரு ஆட்டக்காரன் கால் இதுல மாட்டுச்சுன்னா முட்டி போயிடும். அதுக்கு யார் பொறுப்பு, பட்டாளமா? நாளைக்குச் சாயங்காலம் வந்து பார்ப்பேன். இதே மாதிரி இருந்தா மேட்சை வேற மாகாணத்துக்கு மாத்திடுவேன். காலி மைதானத்துல, ஞாயித்துக்கிழமை காலையில ஆடிட்டுப் போங்க."

எங்கள் பையன்கள் வெளியூரில் ஜெயித்து அந்த வருஷம் நான் பார்க்கவே இல்லை. வெளியூர் என்றால் தோல்வி என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம்.

பாங்கைக் காரில் ஏற்றிவிட்ட கையோடு நேராகத் தலைமையகத்துக்குப் போனேன். கணவரைத் தாண்டி அவருடைய மேலதிகாரியிடம் போவது தப்பு என்று தெரியும். தெரிந்துதான் போனேன். கர்னல் தியெப் நல்ல மனிதர். எங்கள் கல்யாண நாளுக்குப் பழக்கூடை அனுப்புகிறவர். தாமரைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"கால்பந்தா! எனக்கு உயிரும்மா! சனிக்கிழமை முன்வரிசையில நான்தான் உக்காரப்போறேன். நம்ம பசங்க ஜெயிக்கணும். பட்டாளமும் மக்களும் மீனும் தண்ணியும் மாதிரின்னு சும்மாவா சொன்னாங்க?"

"மீனுக்கு மூச்சு முட்டுது, கர்னல் ஐயா. குண்டு எறியுறத வேற இடத்துக்கு மாத்தச் சொன்னீங்கன்னா..."

"தாராளமா மாத்தலாமே! எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்போ ஒரு வார்த்தை நீங்க சொன்னா..."

"நான் எதுக்கும்மா சொல்லணும்? மைதான விஷயத்துல வியென் வெச்சதுதான் சட்டம். பழைய கோல்கீப்பர், அவனுக்குத் தெரியாதது உண்டா? அவன் வேலையில நானே தலையிடுறதில்ல. நீங்க அவன்கிட்டயே பேசுங்க." பிறகு ஏதோ பெரிய ரகசியம்போலக் குனிந்து சொன்னார்: "வீட்ல பேசிப் பாருங்களேன்?"

வெளியே வந்து என் ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்தேன். சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிறான். அந்தப் பூசாரி என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான்.

கர்னலிடம் நான் போன செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அன்று இரவு வியென் காலணிக்கு மெருகு போட்டார், நான் துணி மடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மைதானத்து வாசலுக்கே நான் போகவில்லை, விட மாட்டார்கள். கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு வழியாக உள்ளே புகுந்தேன். அங்கே ஒரு அம்மாள் வாத்துகளுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். "எங்க போறீங்க?" என்றாள். "என் புருஷனைப் பாக்க," என்றேன். பொய் இல்லையே. சமையல்கட்டின் பின்கதவு ஆட்டக்காரர்கள் வருகிற சுரங்க வழியில் திறக்கும். அதன் வழியே நடந்து புல்லுக்கு வந்தேன்.

ஒரு வரிசை எறிந்து முடித்து, அடுத்த வரிசை குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிய சமயம். நான் விறுவிறுவென்று வடக்கு கோலுக்குப் போனேன். இரண்டு கம்பங்களுக்கும் சரியாக நடுவில், கோட்டின் மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஈரம் சுரீரென்று ஏறியது.

"எறியாதே! எறியாதே!" என்று ஒரு லெப்டினன்ட் அலறினார். ஓடிவரத் தொடங்கியிருந்த சிப்பாய் குண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வழுக்கி விழுந்தான். பிறகு கிசுகிசுப்பு. மேஜர் சம்சாரம், மேஜர் சம்சாரம் என்று அது வரிசை வரிசையாகப் போனது எனக்கே கேட்டது.

வியென் நடுக்கோட்டிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. நடந்துதான் வந்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"தோழர் லூவா, இது ராணுவப் பயிற்சி நடக்கிற இடம். உடனே வெளியேறுங்க."

"மாட்டேன்."

"இது உத்தரவு."

"உத்தரவெல்லாம் உங்க ஆளுங்களுக்கு. நான் உங்க பொண்டாட்டி. எனக்கு உத்தரவு போட உங்க பிரிவுல இடம் கிடையாது."

குரலைத் தாழ்த்தினார். "எந்திரி லூவா. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். அத்தனை இடத்தையும் விட்டுட்டு இந்த இடத்தை ஏன் குறிச்சீங்கன்னு சொல்லுங்க. எந்திரிக்கிறேன். கொடிமரம், லாரி, போக்குவரத்துன்னு மறுபடி ஆரம்பிச்சீங்க, இங்கயே படுத்துடுவேன்."

அவர் கோல் கம்பத்தைப் பார்த்தார். அதன் பெயிண்ட் உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"வாராவாரம் நான்தான் பூட்டைத் திறந்து விடணும்," என்றார், என்னைப் பார்க்காமல். "நான்தான் வலை கிழிஞ்சிருக்கான்னு பாக்கணும். அப்புறம் உங்க கோல்கீப்பர் பையன் வந்து முதுகுல செங்கல் கம்பெனி பேரை மாட்டிக்கிட்டு இங்க நிப்பான். நல்ல பையன்தான். ஆனா நான் நின்ன இடம் இது. ஒரு மூணு நாளாவது இது திரும்பப் பட்டாளத்தோடதா இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைக்கு மேல் கோபம்தான் வந்தது.

"இதைச் சொல்றதுக்கு இத்தனை வருஷமா? உங்க வருத்தத்துக்கு அந்தப் பசங்களா காரணம்? பட்டாளம் உங்க அணிய வித்தப்போ ஒரு வார்த்தை பேசாம சல்யூட் அடிச்சீங்க. அந்தக் கோபத்தை இப்போ புல்லு மேல காட்டுறீங்களா?"

"நல்லாக் கேளு லூவா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தோவாய். சமையல்கட்டு வழியாக அவரும் வந்திருந்தார். வலது முட்டி சரியில்லாததால் விந்தி விந்தி நடந்து வந்தார். தோளில் ஒரு வாத்து இறகு ஒட்டியிருந்தது.

"வெளிய போ தோவாய்," என்றார் வியென். "உனக்கு இங்க அனுமதி இல்ல."

"அனுமதியா? என் ரெண்டு பல்லு இந்தப் புல்லுக்குள்ளதான்டா கிடக்குது! உனக்கு வர்ற உதையெல்லாம் முன்னாடி நின்னு வாங்குனவன் நான். அனுமதி கேக்குறான் அனுமதி!"

"நீதான் போனியே. காசைக் காட்டினதும் போனியே."

"போனேன். பட்டாளத்துல எனக்கு என்ன குடுத்தாங்க? கிடங்குல செருப்பு எண்ணுற வேலை. நீ மட்டும் ஏன்டா இருந்தே? ஒருநாள் அணியைத் திரும்ப ஆரம்பிப்பாங்க, திரும்பக் கூப்பிடுவாங்கன்னுதானே?"

வியென் மறுபடி கம்பத்தைத் தேய்க்கத் தொடங்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தோவாய் சொன்னது உண்மை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை காலம் கூடவே இருந்த எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"யாரும் கூப்பிடப் போறதில்லடா," என்றார் தோவாய். இந்தத் தடவை கத்தாமல். "உனக்கும் எனக்கும் முடி நரைச்சாச்சு."

லெப்டினன்ட் தயங்கித் தயங்கி வந்து சல்யூட் அடித்தார். "மேஜர், மீதி ஆளுங்க இன்னும் எறியணும். என்ன செய்யட்டும்?"

வியென் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பின்னாடி வெட்டவெளியில எத்தனை லாரி நிக்குது?"

"ரெண்டு. ஒண்ணு ஓடாது."

ரெண்டு லாரி! இந்த ரெண்டு லாரிக்காகவா என் உயிரை மூன்று நாளாக எடுத்தார்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"தள்ளி ஓரமா நிறுத்துங்க. மீதித் தேர்வு அங்க."

"அது போக்குவரத்துப் பிரிவோட..."

"தள்ளுங்கன்னு சொன்னேன்."

சிப்பாய்கள் உற்சாகமாக ஓடினார்கள். இரும்புக் குண்டு எறிவதைவிட லாரி தள்ளுவது அவர்களுக்குப் பிடித்திருந்தது போலும். நான் எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. வியென் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சீருடையில் இருக்கும்போது அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நன்றியெல்லாம் சொல்லவில்லை. "மண்ணுக்கு வழி பாருங்க," என்றேன்.

மண்டபத்தைப் புதுப்பிக்கக் கொட்டி வைத்திருந்த மணலை எடுத்தோம். கொடிமரத்துக்குப் பின்னால் யாரும் மிதிக்காத புல்லைப் பத்தை பத்தையாக வெட்டிவந்தோம். எங்கள் ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். வியென் முழங்காலிட்டுக் குழிகளை நிரப்பினார். தோவாய் நின்றபடி குற்றம் சொன்னார்.

"மணலை அமுக்காத, தண்ணி நிக்கும்."

"அமுக்காம விட்டா உள்வாங்கும்டா."

"நீ கோல் காத்த லட்சணம் எனக்குத் தெரியாதா? எந்த ஓட்டையை நீ ஒழுங்கா அடைச்சே?"

"நீ முன்னாடி ஓட்டை போட்டுக் குடுத்தா நான் என்னத்த அடைக்கிறது?"

மத்தியானம் வரைக்கும் இதே பாட்டு. ஒரு கட்டத்தில் எனக்குத் தலைவலி வந்து, சமையல்கட்டு அம்மாளிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒரு கிண்ணம் வாத்துக் கஞ்சி கொடுத்தாள்.

சாயங்காலம் பாங் வந்தார். குடை நுனியால் அங்கும் இங்கும் குத்தினார். எல்லா இடமும் பரவாயில்லை, கோலுக்கு இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. வெகுநேரம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார்.

"ஆடிக்கோங்க. ஆனா அம்மா, அடுத்த தடவை இதுமாதிரி பார்த்தேன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

சனிக்கிழமை மழை பெய்தது. அதுவும் ஆட்டம் தொடங்கிய பிறகு. கர்னல் தியெப் சொன்னபடி முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்து கை தட்டினார். முதல் பாதியில் எங்கள் பையன் வடக்கு கோலில் நின்றான். எதிரணிக்காரன் தூரத்திலிருந்து ஒரு சாதாரண உதை விட்டான். பந்து தரையோடு உருண்டு வந்து, நாங்கள் அடைத்த அந்த மெத்தென்ற இடத்தில் சப்பென்று நின்றது. எங்கள் கீப்பர் அது வருமென்று நினைத்து விழுந்தான். பந்து வரவில்லை. எதிரணிக்காரன் ஓடிவந்து காலால் வலைக்குள் தட்டிவிட்டுப் போனான்.

தோவாய் பட்டாளத்தின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். கர்னலின் காதில் விழாமல் இருக்க நான் ஒலிபெருக்கிப் பையனிடம் சொல்லிப் பாட்டைப் போடச் செய்தேன். கோலுக்குப் பின்னால் ஓட்டப்பாதையில் பணியில் நின்ற வியென் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். மழை அவர்மேல் கொட்டியது.

இரண்டாவது பாதியில் ஒரு கார்னர். யார் தலையில் பட்டது, யார் முதுகில் பட்டது என்று இன்றுவரை ஊரில் சண்டை நடக்கிறது. எப்படியோ உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. டிரா. அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கீழ் டிவிஷனுக்குப் போகவில்லை. ஜனங்கள் வேலியை ஆட்டிக் கூத்தாடினார்கள். நான் நனைந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். சந்தோஷமா, களைப்பா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வியென் எங்கள் கீப்பர் பையனிடம் போய் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். முழங்காலை மடக்கி, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து காட்டினார். சீருடையோடு, சேற்றில். பையன் அப்புறம் என்னிடம் வந்து கேட்டான்: "அக்கா, யாரு அந்த மேஜர்? கோல்கீப்பிங் பத்தி என்னென்னமோ சொல்றாரு."

"எனக்குத் தெரிஞ்சவர்தான்," என்றேன்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஓடாத லாரி இருக்கிறதே, அதைச் சிப்பாய்கள் தள்ளி நிறுத்திய இடம் சரிவு. சனிக்கிழமை மழையில் அது தானாக உருண்டு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. அதைத் தூக்க வேறொரு லாரி வரவேண்டியிருந்தது. போக்குவரத்துப் பிரிவு கொதித்தெழுந்தது. விசாரணை வைத்தார்கள். வியெனிடமிருந்து மைதானத்தைப் பிடுங்கி, சீருடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். தோவாய்க்கு அந்தக் காலத்தில் கொடுத்த அதே கிடங்கு. கர்னல் தியெப் எனக்குப் பழக்கூடை அனுப்பினார். எதற்கென்று தெரியவில்லை.

மைதானத்துக்கு இப்போது ஒரு இளம் கேப்டன் வந்திருக்கிறார். வாழ்நாளில் பந்தை உதைத்திருக்க மாட்டார். எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு "செய்துடலாம் அக்கா" என்பார். எதையும் செய்ய மாட்டார். போன மாதம் மைதானத்தில் மரச்சாமான் கண்காட்சிக்கு இடம் விட்டுவிட்டார். நடுவட்டத்தில் பீரோ நின்றது. என் கணவராவது முகத்துக்கு நேராக முடியாது என்பார்.

வியெனும் தோவாயும் சிநேகிதர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைக் காப்பிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, அன்றைக்கு நாங்கள் வாங்கிய கோல் யார் தப்பு என்று சண்டை போடுகிறார்கள். நேராகவே போடுகிறார்கள். எனக்குத் தபால் வேலை மிச்சம். ஆனால் சத்தம் தாங்காமல் நான் வேறு மேசைக்குப் போய்விடுவேன்.

அப்படி ஒருநாள் தோவாய் கேட்டார்: "நம்ம கீப்பர் பசங்களுக்கு வாரத்துல ஒருநாள் வந்து சொல்லிக்குடேன்டா."

வியென் காப்பியைக் கலக்கினார், கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். முகம் மலர்ந்ததை நான் அடுத்த மேசையிலிருந்தே பார்த்தேன். சரி என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கிளப்புக்குப் பயிற்சி குடுக்கணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும்," என்றார்.

"எதுக்குடா அனுமதி? சம்பளமா தர்றேன்?"

"சம்பளம் வாங்காட்டியும் விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

விண்ணப்பம் போட்டார். மழைக்காலம் முடிந்து அடுத்த சீசனே தொடங்கப்போகிறது. பதில் இன்னும் வரவில்லை. நேற்றுக்கூடச் சொன்னேன்:

"ஞாயித்துக்கிழமை, சொந்த நேரத்துல, நாலு பசங்களுக்குப் பந்து தூக்கிப் போடறதுக்கு எந்த விதிங்க குறுக்க நிக்குது? பேசாமப் போய் நில்லுங்களேன்."

"கேட்டுட்டேனே லூவா. கேட்ட பிறகு பதில் வர்றதுக்கு முன்னாடி போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

சொல்லி என்ன ஆகப்போகிறது. அவருடைய பழைய கோல்கீப்பர் கையுறையை அலமாரியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்டேன். பூசணம் பிடித்திருந்தது.